தமிழ்நாட்டு முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு: எந்தக் கடதாசி, எந்த ஒழுங்கில்

அகதி முகாமிலிருந்து ஊருக்கு வருவது பெற்றோருக்குத்தான் திரும்பி வருவது. தமிழ்நாட்டில் பிறந்து, அங்கே பள்ளிக்கூடம் போய், அங்கத்தைய பேச்சோடு வளர்ந்த பிள்ளைக்குக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெளிநாடுதான். சட்டத்தின் கண்ணிலும் அப்படித்தான். நாங்கள் திருச்சிப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்துக்கு வந்து குடியேறிய குடும்பம். கொட்டில் போட்டதும் பற்றை வெட்டியதும் உடம்பு நோவோடு முடிந்த வேலைகள். ஆளை அலைக்கழித்தது பிள்ளைகளின் கடதாசிகள். ஒன்று இல்லையென்றால் அடுத்தது கிடைக்காது. அந்த ஒழுங்கை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செலவு என்று நான் சொல்வது எங்களுக்கு ஆனது. அரச கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அலுவலகப் பலகையைப் பார்த்துக் கட்டுங்கள், பற்றுச்சீட்டு வாங்காமல் எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

1. எந்த மாதம் வருவது

தமிழ்நாட்டில் பள்ளிக்கூட ஆண்டு ஜூனில் தொடங்கும், இலங்கையில் ஜனவரியில். ஏப்ரல், மே மாதத்தில் ஆண்டுத் தேர்வை முடித்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வருவதுதான் நல்லது. பிள்ளைக்கு ஜனவரிக்கு முன் சில மாதம் பழகக் கிடைக்கும். உங்களுக்கும் ஐப்பசி மழைக்கு முன் கூரை போட நேரம் இருக்கும். மாரியில் வந்து இறங்கினால் வன்னியின் உள்வீதிகளில் சாமானும் வராது, மேசன்மாரும் வரமாட்டார்கள்.

பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். இங்கே சாதாரண தரப் பரீட்சைக்கான பாடங்கள் 10ஆம், 11ஆம் தரங்களில் இரண்டு வருடமாக நடக்கும். நடுவில் வந்து சேரும் பிள்ளைக்குப் பெரிய சுமை.

2. இந்தியாவில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

வழிகாட்டியில் இந்தப் பகுதிதான் முக்கியம். இங்கே வந்த பிறகு இவற்றைச் செய்வது முடியாத காரியமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கடல் கடந்து ஆள் தேட வேண்டி வரும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இந்திய மண்ணில் பிறந்ததால் பிள்ளை இந்தியக் குடியாகிவிடாது. 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு அந்த விதி இன்னும் இறுகிவிட்டது. மறுபக்கம், பெற்றோர் இலங்கையர் என்பதால் பிள்ளை தானாக இலங்கைப் பிரஜையாகிவிடுவதும் இல்லை. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தவறினால் தகுந்த காரணம் காட்டி, அமைச்சரின் அனுமதியோடு பிறகும் பதியலாம். பதியும்வரை உங்கள் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லை. முகாம் அட்டையும் ஆதார் அட்டையும் இதை மாற்றாது.

பதிகிற இடம் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம். அதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை:

- பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காமலே பதிந்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். பெயர் சேர்க்கப் பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 15 வருடம்தான் அவகாசம்.
- பெற்றோர் இருவரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள்.
- பெற்றோரின் திருமணப் பதிவுச் சான்றிதழ். கோயிலில் தாலி கட்டிய படமும் அழைப்பிதழும் மட்டும் போதாது.
- பெற்றோரின் இலங்கை அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, பழையதானாலும் பரவாயில்லை.
- முகாமில் அகதியாகப் பதிந்ததற்கான சான்று. ஏன் ஒரு வருடத்துக்குள் பதியவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். தாமதக் கட்டணம் பற்றிப் பேசும்போதும் இதை முன்வையுங்கள்.

திருமணம் பதியாதவர்கள் பிள்ளைகளின் விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் சரிசெய்யுங்கள். தந்தையின் கடதாசிகள் சிக்கலாக இருந்தால் தாயின் வழியில் விண்ணப்பியுங்கள். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரும். தகப்பன் பெயரில்தான் எழுத வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதைக் கேட்டுக் காலத்தை விடாதீர்கள்.

இந்த அலைச்சலில் பாதி, பெயரால் வருவது. தமிழ்நாட்டில் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கும். இலங்கைக் கடதாசியில் முழுப்பெயர் நீளமாக நிற்கும். முகாம் அட்டையில் எழுதிய உத்தியோகத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடினாலே இங்கே "இது வேறு ஆள்" என்று திருப்பிவிடுவார்கள். ஒரு கொப்பியில் கோடு போட்டு, குடும்பத்தில் ஒவ்வொருவரின் பெயரும் ஒவ்வொரு ஆவணத்திலும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுதுங்கள். பிழையான இடம் கண்ணில் படும். இந்தியச் சான்றிதழிலுள்ள பிழையை இந்தியாவிலேயே திருத்துங்கள். திருத்த முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள்.

பிறகு, பள்ளிக்கூடக் கடதாசிகள். மாற்றுச் சான்றிதழ், கடைசி மூன்று வருட மதிப்பெண் பட்டியல், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் அந்த மூலச் சான்றிதழ்கள். டிப்ளோமா, பட்டம் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழ்களை அங்கேயே முறைப்படி சான்றுறுதி செய்துகொண்டு வாருங்கள். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக வெளியேறும் அனுமதி. முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தனி வட்டாட்சியர், ஆட்சியர் அலுவலகம், தமிழ்நாட்டுப் பொலிசின் கியூ பிரிவு என்று இது பல மேசை ஏறும். மாதக்கணக்கில் எடுக்கும். அனுமதி கைக்கு வருமுன் வீட்டுச் சாமானை விற்றுவிட்டு, உதவித்தொகையும் நின்றுபோய், அந்தரித்த குடும்பங்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். முகாம் பதிவிலிருந்து பெயர் நீக்கியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டம் பற்றிப் பயந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்கு அந்தத் தண்டனை ஏற்பாடுகளிலிருந்து இந்திய அரசு 2025இல் விலக்கு அளித்திருக்கிறது.

3. பயணம்

கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்குத் துணை உயர்ஸ்தானிகராலயம் தற்காலிகப் பயண ஆவணம் கொடுக்கும். சொந்த விருப்பில் திரும்புகிறவர்களின் பயணத்துக்கு உதவுவதைப் பற்றி ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் சென்னை அலுவலகத்தில் விசாரியுங்கள். விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டு அங்கே போக வேண்டாம்.

யாழ்ப்பாணப் பக்கத்துப் பலாலிக்கு விமானம் கிடைத்தால் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவை நினைக்கவே வேண்டாம். பலாலியிலிருந்து கிளிநொச்சி வான் பிடித்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். கட்டுநாயக்காவிலிருந்து பிள்ளைகளையும் மூட்டைகளையும் கட்டிக்கொண்டு 300 கிலோமீற்றர் அளவில் வர வேண்டும், வான் கூலி பல மடங்கு. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. படகில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனது இலங்கைக் குடிவரவுச் சட்டப்படி குற்றமாகக் கருதப்படக்கூடியது. 2025இல் அப்படிப் போய்த் திரும்பி வந்த முதியவர் ஒருவர் பலாலியில் கைது செய்யப்பட்டு, பெரிய கண்டனத்துக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார். ஆகவே புறப்படும் கிழமையில் முகவரகத்திடமும் தூதரகத்திடமும் நிலைமையைக் கேளுங்கள். அகதிப் பதிவுச் சான்றும் திரும்புவதற்கான கடிதங்களும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் போட வேண்டாம். ஊரில் உள்ள ஓர் உறவினரின் தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். முகவர்கள் செய்துதரும் போலி இந்தியக் கடவுச்சீட்டில் வர நினைத்தால், இரண்டு நாட்டிலும் வழக்கு வரும்.

4. முதல் கிழமை: விதானையார்

பழைய ஆட்கள் விதானையார் என்பார்கள், மற்றவர்கள் ஜி.எஸ். என்பார்கள். கிராம அலுவலர்தான் எல்லாவற்றுக்கும் வாசல். அவருடைய குடும்பப் பதிவில் உங்கள் பெயர் ஏறாமல் அடையாள அட்டையும் இல்லை, வாக்காளர் பதிவும் இல்லை, நிவாரணமும் இல்லை. வந்த கிழமையே போங்கள். அலுவலக நாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் வெயிலில் திரும்பி நடக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊர் எந்தப் பிரதேச செயலகத்துக்கு உரியது என்று நிச்சயப்படுத்துங்கள். ஏ35 வீதியில் பரந்தனிலிருந்து போனால் தர்மபுரம் கிளிநொச்சி மாவட்டம், கண்டாவளைப் பிரதேச செயலகம். சற்று அப்பால் விசுவமடு, முல்லைத்தீவு மாவட்டம், புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகம். பழைய ஞாபகத்தில் பிழையான கந்தோரில் வரிசையில் நின்று அரைநாளைத் தொலைக்காதீர்கள். கிராம அலுவலர் தரும் கடிதத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். அது இல்லாமல் வேறு திணைக்களங்கள் ஏற்காது.

5. பெற்றோரின் கடதாசிகள் தொலைந்திருந்தால்

பதிவான பழைய ஊருக்கே போய்த்தான் பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்றில்லை. 1960க்குப் பிந்திய பதிவு கணினியில் ஏறியிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். ஆனால் வன்னியில் போரில் அழிந்த பதிவேடுகள் பல. இங்கே இல்லை என்று சொன்னவுடன் மனம் விட வேண்டாம். பதிவுகளின் இரண்டாம் பிரதி கொழும்பிலுள்ள மத்திய பதிவேட்டறைக்குப் போகும் வழக்கம் இருந்தது. அங்கே தேடச் சொல்லிக் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால், தேடியும் இல்லை என்ற கடிதத்தைக் கட்டாயம் வாங்குங்கள். அதை வைத்துத்தான் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஞானஸ்நானப் பதிவு, பழைய பள்ளிக்கூட இடாப்பு, சாதகக் குறிப்பு எல்லாம் அதற்கு உதவும்.

பழைய அடையாள அட்டை தொலைந்து இலக்கம் மட்டும் தெரிந்தாலும் போதும். ஒன்பது இலக்கமும் 'வி' எழுத்தும் கொண்ட அந்தப் பழைய இலக்கத்தைப் படிவத்தில் எழுதுங்கள், தேடுவது சுலபமாகும். இலக்கமும் மறந்துபோனவர்கள் உறவினர்களிடம் பழைய உறுதி, வங்கிப் புத்தகம் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

6. பிள்ளையின் பதிவைச் செய்யாமல் வந்துவிட்டீர்களா

அப்படியானால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு வேலைக்கு வவுனியாவிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிரஜாவுரிமை விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுக்கலாம் என்று நினைத்துப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள். கேட்டுவிட்டுப் போங்கள்.

கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியக் கொழும்பு. இரண்டு பேர் போய்வர, சாப்பாட்டோடு எங்களுக்குப் பத்தாயிரம் ரூபாவுக்குக் கிட்டச் செலவு. தமிழ்நாட்டுத் தமிழ்ச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பக்கத்துக்கு ஆயிரத்துக்கு மேல் எடுத்தார். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மொழிபெயர்த்து, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கந்தோருக்குப் பக்கத்துக் கடைகளில் எல்லாம் விலை கூட. சிங்களம் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிப் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் தமிழில் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விண்ணப்பம் ஏற்றதற்கான இலக்கத்தை வாங்காமல் மேசையை விட்டு எழும்ப வேண்டாம்.

7. பள்ளிக்கூடம்

பிரஜாவுரிமைச் சான்றிதழ் வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம் மூன்றோடும் அதிபரைப் பாருங்கள். தயங்கினால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். படிப்பும் பாடநூலும் இலவசம், சீருடைத் துணியும் கிடைக்கும்.

கணிதம், விஞ்ஞானத்தில் எங்கள் பிள்ளைகள் தடுமாறவில்லை. தடுமாறியது மூன்று பாடத்தில்: இலங்கை வரலாறு, சிங்களம், சமயம். தமிழ்நாட்டில் சமயம் பாடமாக இருக்கவில்லை, இங்கே சைவநெறியும் கத்தோலிக்கமும் பரீட்சைப் பாடங்கள். வரலாறு சாதாரண தரத்தில் கட்டாயம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எல்லாத் தரங்களின் தமிழ்ப் பாடநூல்களும் இலவசமாகக் கிடக்கின்றன. முகாமில் இருக்கும்போதே இறக்கி, ஆறாம் தரத்திலிருந்து வரலாற்றை வாசிக்கக் கொடுங்கள். அங்கே ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கு, வன்னிப் பாடசாலைகளில் அநேகமாகத் தமிழ் வழிதான் என்பதை முன்பே சொல்லி மனதைத் தயார் செய்யுங்கள்.

அப்புறம், பேச்சு. "இந்தியாக்காரி" என்று வகுப்பில் கூப்பிடுவார்கள். பெரியவர்களுக்கு அது சின்ன விஷயம், பத்து வயதுப் பிள்ளை அதற்காகவே பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழும். வகுப்பாசிரியரிடம் முதல் நாளே போய் நிலைமையைச் சொல்லுங்கள். எங்கள் மகளின் ஆசிரியை அவளைக் காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாட விட்டார், ஒரு மாதத்தில் நிலைமை மாறியது. பிள்ளையின் பேச்சை வீட்டில் நீங்களே திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். விளையாட்டில் தானாக மாறும்.

உயர்தரம் நோக்கிப் போகும் பிள்ளைகளுக்கு: பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான கூடுதல் ஒதுக்கீட்டில் வருகின்றன. அதற்கு மாவட்டத்தில் மூன்று வருடம் வசித்ததைக் காட்ட வேண்டும். விதானையாரிடம் பதிந்த தேதி இங்கேயும் உதவும்.

8. காணி

பற்றை வெட்டத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணியா? வன இலாகாவின் எல்லைக்கல் உள்ளே வருகிறதா? இப்போது யாராவது பதிவில் இருக்கிறார்களா? முதல் இரண்டையும் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் கேளுங்கள். முகமாலைப் பக்கம் போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை பல வருடமாக நடந்தது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. வந்த அன்றே காட்டிச் சொல்லுங்கள். மண்ணில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடக் கூடாது, பழைய இரும்புக்கு விற்க எடுக்கவும் கூடாது.

உறுதிக் காணியா (சொந்தக் காணி), பெர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்று பிரித்துப் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்கவோ வாங்கவோ முடியாது. வெள்ளைக் கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். பெர்மிட் அப்பாவின் பெயரில் இருந்து அவர் இந்தியாவில் காலமாகியிருந்தால் இந்திய இறப்புச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள், பின்னுரித்தாளரின், அதாவது அடுத்த உரிமையாளரின், பெயருக்கு மாற்ற அது வேண்டும். வேறு குடும்பம் இருந்தால் சண்டைக்குப் போகாமல் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்களாகவே இருப்பார்கள்.

9. உடம்பும் தண்ணீரும்

இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் இந்தியாவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே இரத்தம் பார்ப்பார்கள், காசு இல்லை. வைத்தியரிடம் எங்கிருந்து வந்தீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் குடும்பநல மாதுவிடம் காட்டி, இங்கத்தைய அட்டவணையில் எது விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

பாழடைந்து கிடந்த கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, பிறகு தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் பெரிய பிரச்சினை. வயல் வேலைக்குப் போகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இலவசமாக வாங்கலாம்.

10. பணமும் நிவாரணமும்

அடையாள அட்டை வந்த அன்றே வங்கிக் கணக்குத் திறவுங்கள். அரசின் அஸ்வெசும நிவாரணத்துக்கு நினைத்த நேரத்தில் விண்ணப்பிக்க முடியாது, விண்ணப்பம் கோரும் சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக்கு நிவாரணத்தை நம்பாமல் கையில் காசு ஒதுக்கி வையுங்கள். காலபோகம் விதைக்கும் புரட்டாதி, ஐப்பசியில் கூலி வேலை கிடைக்கும். அதற்கு முந்திய மாதங்கள் கடினம்.

11. பிள்ளைக்கு 15 வயதாகுமுன்

15 வயதில் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதிபர் ஊடாக, மற்றவர்களுக்குக் கிராம அலுவலர் ஊடாக. படத்தைத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், தொலைபேசியில் எடுத்த படம் செல்லாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் இல்லாமல் இந்த விண்ணப்பம் நகராது. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் கேட்பதும் இந்த அட்டையைத்தான். ஆகவே பிள்ளைக்கு 14 நடக்கும்போதே சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சை நெருங்கியும் அட்டை வரவில்லையென்றால் அதிபரிடம் சொல்லி, ஆட்பதிவுத் திணைக்களத்திலிருந்து அடையாளத்தை உறுதிப்படுத்தும் கடிதம் எடுங்கள். பரீட்சைக்கு முந்திய கிழமையில் இதற்குப் பெரிய நெரிசல், ஒரு மாதம் முன்பே கேளுங்கள்.